சீர்வரிசையில் போன சத்தப்பெட்டி

என் முதல் எதிரியும் ஒரே ரசிகையுமான என் அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ரேடியோ உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் கொஞ்ச நேரம் அணைத்து வை. உன் தம்பி ஆனந்தன் பேசுகிறேன். பெரிய செய்தி ஒன்று, அதைவிடப் பெரிய செய்தி ஒன்று. உன் மகள் யசோதராவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவளோடு அந்தப் பெட்டியும் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டது.

இந்தக் கடிதத்தை நம் ஆண்டர்சன்பேட்டை வாசகசாலை மலரில் போடுகிறார்கள். ஊரே ஒட்டுக்கேட்கும். அதனால் உன் மீன்குழம்பைப் பற்றிய உண்மைகளை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே வரும்போது நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ சொன்னது மட்டும் எழுதலாம். அது உனக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒப்பந்தம்.

"டேய் ஆனந்தா, யசோ கையில இருக்கிற ஈயம் வெக்கிற சால்ட்ரிங் ராட எவனும் புடுங்கக் கூடாது. எந்த வூட்டுக்குப் போனாலும் அந்தப் பொட்டி அவ கூடப் போவணும். நீதான் பொறுப்பு."

"நான் இருக்கசொல்ல எவன் புடுங்குவான்?" என்றேன்.

"நீ இருக்கிறதுதாண்டா பயமா கீது" என்றாய்.

பெட்டி என்ன பெட்டி என்று மலரைப் படிப்பவர்கள் கேட்பார்கள். நீ இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டமாட்டாய், உன்னைப் பற்றியது.

ஊரில் எல்லாரும் ரேடியோ முள்ளைத் திருகி ஸ்டேஷனைத் தேடுவார்கள். நீ ஸ்டேஷனைத் தாண்டிப் போவாய். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் ஒரு ஊளை வருமே, ஏறி, இறங்கி, குமிழி விட்டு, காணாமல் போய், மறுபடி வருமே, அங்கே முள்ளை நிறுத்திவிட்டு அரிசி களைவாய். தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த உன் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொள்வார். "இன்னாடி இது, ரேடியோவுக்கு வயித்து வலியா?" என்பார். "பாட்டு ஊருக்கெல்லாம் கேக்குது. இது எனக்கு மட்டும் பாடுது. நீங்க போயி குளிங்க" என்பாய்.

அந்த ஊளையை உனக்குத் தனியாகச் செய்து தருகிறேன் என்று யசோ சொன்னபோது அவள் இரட்டைச் சடை போட்டிருந்தாள். நாம் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பிறகு பெங்களூர் பழைய புத்தகக் கடையில் ஒரு அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை என் கையில் சிக்கியது. நான் போய் எடுத்தேன் என்பது உலகத்துக்குத் தெரிந்த கதை. உண்மையில் மழைக்கு ஒதுங்கினேன், அது என் தலையில் விழுந்தது. நடுப்பக்கத்தில் ஒரு படம்: நம் மைன்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை அலங்கரித்து மணமேடையில் உட்காரவைத்த மாதிரி ஒரு யந்திரம். சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஒன்று ஒலியைப் பிறப்பிக்கும், ஒன்று அதைச் சீவும், ஒன்று திறந்து மூடும், ஒன்று மெதுவாக ஆட்டிவிடும். எதை எதோடு வயரால் இணைக்கிறோமோ அதைப் பொறுத்துச் சத்தம். பெயர் சிந்தசைசர் என்று போட்டிருந்தது. நம் தெருவில் அது சத்தப்பெட்டி.

மைன்ஸில் பழைய டெலிபோன் போர்டைக் கழித்துப்போட்டு ஏலம் விட்டபோது, எலக்ட்ரிக்கல் ஒர்க்ஷாப்பின் மாமன்னனாகிய நான் அதன் வயர்களையும் அவற்றைச் செருகும் துளைகளையும் எடுத்துவந்தேன். ஒரு காலத்தில் மேனேஜர் பங்களாவை ஆஸ்பத்திரியோடு இணைத்த வயர். அது உன் அடுப்பங்கரையில் ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு இணைத்தது. வாசிக்க, ஓட்டை ஆர்மோனியத்தின் கட்டைகள். துருத்தி கிழிந்திருந்தாலும் கட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கண்டுபிடிப்புகளில் பாதி என்னுடையவை. அதாவது, என் தப்புகள். ஒரு டிரான்சிஸ்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். யசோ தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அது உஸ்ஸென்று சீறியது. அந்தச் சீறலைச் சீவும் பெட்டிக்குள் விட்டு மெல்லத் திருகினால், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டின் மேல் காற்று மணலை வாரிக்கொண்டு போகிற சத்தம் அப்படியே வந்தது. நீ ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்தாய். நினைவிருக்கிறதா? வெளியே ஒரு இலைகூட ஆடவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எந்த வித்துவானுக்குக் கிடைத்திருக்கிறது?

சத்தங்களுக்குப் பெயர் வைத்தோம். தகரக் கூரையில் ஆலங்கட்டி. உடைகிற கோலி சோடா. மில் கல்லை மென்று தின்கிறது. எதைப்போலவும் இல்லாத சத்தங்களும் வந்தன. அவற்றுக்குத்தான் யசோ அதிக நேரம் காது கொடுத்தாள். "மாமா, இத இன்னும் யாருமே கேட்டிருக்க மாட்டாங்க, இல்ல?" என்பாள். அந்த நேரத்தில் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் நீ போகும்வரை அந்த ரேடியோ ஊளை மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை.

பிறகு பிடிபட்டது, அக்கா. ஒலி பிறப்பிக்கும் பெட்டிகள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே சுருதியில் நிறுத்தி, ஒன்றை இன்னொன்றோடு மோதவிட்டாள். ஒரு மத்தியானம், பருப்பு வெந்துகொண்டிருந்தபோது, அது வந்தது. ஏறி, இறங்கி, குமிழி விட்டு. உன் வீட்டுக்காரர் ஷிப்டிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றார். பூட்ஸைக் கழற்றவில்லை. "ரேடியோவ யாரு வெச்சது?" என்று மட்டும் கேட்டார். பிறகு காதைப் பொத்தாமல் போய்க் குளித்தார்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை கௌதமன், மாரிக்குப்பம். அண்டர்கிரவுண்டில் வேலை, நல்ல பையன், குறைவாகப் பேசுவான். நான் பேசும்போது யார்தான் அதிகம் பேச முடியும்? அவனுடைய அப்பா வைண்டிங் என்ஜின் ஓட்டி ரிடையர் ஆனவர். ஆட்களை ஏற்றிய கேஜை, அதாவது அந்த இரும்புக் கூண்டை, லீவரைப் பிடித்து பூமிக்குள் இறக்கி ஏற்றியவர். எல்லாம் பொருந்தியது. சம்பந்தியம்மா மட்டும் பெண் பார்க்க வந்த அன்றே பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணா இது, டெலிபோன் ஆபீஸா?"

"இல்லம்மா, இது ஒரு வாத்தியம். உலகத்திலேயே..."

"எங்க லைன் வூடு ஒரே ரூம்பு. நாலு ஆம்பளைங்க, நானு, இப்ப இவ. பொண்ணு வரட்டும், பொட்டி வாணாம்."

யசோ அன்று மாலை பெட்டியிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாக உருவிச் சுற்றிவைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னோடு போட்ட ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. பெட்டி இங்கேயே தங்கினால் என்ன ஆகும்? அவள் பண்டிகைக்கு வருவாள், துடைத்து வைப்பாள், போவாள். அவ்வளவுதான்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தால் பூமி கொஞ்சம் நின்று சுற்றும். தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொல்ல இந்த ஜில்லாவில் எவருக்கும் வாய் கிடையாது அல்லவா? கல்யாணத்தன்று புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றி முடிந்ததும், மேளத்தோடு நான் வந்தேன். பழத்தட்டு, புடவைத்தட்டு, பலகாரத்தட்டு. கடைசியில் நாலு பேர் சுமந்துவர, மஞ்சள் குங்குமம் வைத்து, தலையில் ஒரு தேங்காயோடு, சத்தப்பெட்டி.

சம்பந்தியம்மா பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் தோற்றுவிட்டேன்.

"சீர வாங்கிக்கறோம் அண்ணா. மரியாதையா வாங்கிக்கறோம். வாங்கினதும் உங்க வூட்லயே வெச்சிருங்க, பத்திரமா."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். உன் வீட்டுக்காரர்கூட. இனி ஒரே வழி, வாசித்துக் காட்டுவது. மைக் செட்காரரின் ஸ்பீக்கரில் பெட்டியை இணைத்தேன். மேடையிலிருந்து யசோ, "மாமா, வாணாம். அந்த மெதுவா ஆட்டற பொட்டி இன்னும் சரியா நிக்கல" என்றாள். நான் யார் பேச்சைக் கேட்டேன், இவள் பேச்சைக் கேட்க?

கோயில் மணி மாதிரி ஒரு இனிய ஓசையை வைத்து, தாளம் போட மெதுவான பெட்டியை அதைவிட மெதுவான பெட்டிக்குள் சொருகினேன். பின்னது வாயைத் திறக்கும் நேரத்தில் முன்னது தட்டவேண்டும். தட்டியது. டிங், டிங், டிங். நிறுத்தம். மறுபடி டிங், டிங், டிங்.

அக்கா, நம் ஊரில் மணி மூன்று தரம் அடித்தால் என்ன என்று உனக்குத் தெரியும். கேஜில் ஆள் ஏறியாயிற்று என்று அர்த்தம். பேச்சு நிற்கும். முழங்கை ஒடுங்கும். கை மேலே கம்பியைப் பிடிக்கும். அடுத்த மணி வரும்வரை ஒருவன் அசையக்கூடாது. தலைக்கு ஏறும் முன்னால் உடம்புக்கு ஏறிவிட்ட பழக்கம்.

விகாரைக் கூடத்தில் இருந்த அத்தனை ஆண்களும் எழுந்தார்கள். தோளோடு தோள் நெருக்கிக்கொண்டார்கள். கைகள் மேலே போய், இல்லாத கம்பியைப் பிடித்தன. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு வந்து நெருக்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை மேடையிலேயே ஒடுங்கி நின்றான். ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ்களே ஒன்றையொன்று ஒட்டி நின்றதாகக் கேள்வி. பெண்கள் மட்டும் உட்கார்ந்தபடி இந்த அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னால் நிறுத்த முடியவில்லை. எந்த வயரை உருவினாலும் மூன்று. மூன்று அடித்தபின் இரண்டு அடித்தால்தான் கேஜ் இறங்கும், ஒன்று அடித்தால்தான் நிற்கும். அதுவரை யாரும் உட்காரவும் மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள்.

யசோ வெள்ளைப் புடவையும் மாலையுமாக மேடையை விட்டு இறங்கி வந்தாள். என்னை இடுப்பால் ஒரு இடி இடித்துத் தள்ளினாள். ஒரு வயரை உருவி வேறு துளையில் குத்தினாள். மூன்று நின்றது. நேரே ஒரு மணி அடித்து அவர்களை விடுவித்திருக்கலாம். விடுவிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு அடித்தாள்.

கூடமே முழங்காலை மடித்து, கேஜ் இறங்கும்போது வயிறு மேலே போகுமே, அதற்குத் தயாராகக் குனிந்தது. அவள் என் மருமகள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

பிறகு ஒன்று. டிங்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள், உட்கார்ந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சம்பந்தி மட்டும் வலது கையால் இல்லாத லீவரைப் பிடித்து, கடைசி அங்குலம்வரை இழுத்து நிறுத்தினார். "லெவல்ல கரெக்டா நிக்குது" என்றார். அதற்கப்புறம் கூடத்தில் எழுந்த சிரிப்பை உன் இடத்தில்கூடக் கேட்டிருக்கலாம்.

சிரிப்பு அடங்குவதற்குள் யசோ இன்னொரு வயரைச் செருகி, திருகியைத் தொட்டாள். உன் ஊளை. ஸ்பீக்கர் வழியாக, தெருவரைக்கும். ஏறியது, இறங்கியது, குமிழி விட்டது. யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. உன் வீட்டுக்காரர் வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜலதோஷம் என்றார். நானும் ஜலதோஷம் என்றேன்.

சம்பந்தியம்மா எழுந்து வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா யசோ, அந்த ஒரு மணி... அது எப்ப வேணா அடிக்குமா?"

"அடிக்கும் அத்தே."

"என் வூட்ல நாலு ஆம்பளைங்க. சோத்துக்கு உக்காருங்கடான்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு, ஒருத்தன் உக்காரமாட்டான். நீ ஒரே மணில மொத்த ஊரையும் உக்கார வெச்சுட்டியே." திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னா அண்ணா நிக்கறீங்க? பொட்டிய மொதல்ல வண்டில ஏத்துங்க. பலகாரம் அப்புறம் வரட்டும்."

இப்போது பெட்டி மாரிக்குப்பத்தில், ட்ரங்குப் பெட்டியின் மேல், ஜன்னலோரம். சாப்பாட்டு வேளைக்கு ஒரு மணி. மற்ற நேரமெல்லாம் யசோவுடையது. போன ஞாயிறு போனேன். புதிதாக ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறாள். சத்தத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்லுமாம். மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்து, தலையைக்கூடத் துவட்டாமல், வயரை இங்கும் அங்கும் மாற்றிப் பார்க்கிறான். அவனும் ஒரு சத்தம் கண்டுபிடித்துவிட்டான். அதற்கு யசோ என் பெயரை வைத்திருக்கிறாள். கேட்டேன். ஆரம்பித்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது, கூடவே ஒரு குறட்டை. கொஞ்சமும் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் ரேடியோ என்னிடம் இருக்கிறது. நேற்று செய்தி கேட்க அதைப் போட்டேன். முள் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் நடுவில் நின்றுவிட்டது. நான் நிறுத்தினேனா, தானே நின்றதா? செய்தியில் என்ன சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதே.

ஒரு வாக்குத் தருகிறேன். மெதுவான பெட்டியை இனித் தொடமாட்டேன், தொட்டாலும் உன்னிடம் மட்டும் சொல்வேன். யசோ புதுச் சத்தம் எது பிடித்தாலும், மாரிக்குப்பத்திலிருந்து வீடு வந்ததும் உன் ரேடியோவைப் போட்டு, முள்ளை நடுவில் நிறுத்தி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே அதை உனக்குச் செய்துகாட்டுவேன். அசலைவிட என்னுடையது நன்றாக இருக்கும். நீ ஒத்துக்கொள்ளமாட்டாய், தெரியும்.

உன் பின்னால் பிறந்து உன் முன்னால் பேசியே வளர்ந்த தம்பி,
யசோதராவின் தாய்மாமன்,
ஆனந்தன்