ஏழு டிகிரி கூடுதல்

மார்ச் 3, திங்கள்

தெரேஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. அதற்குள் எல்லார் வாயிலும் அவள் பெயர். இன்று என் டிரைவர் நிரலையும் அவளிடம் கொடுத்துவிட்டார்கள். 2009-இல் நான் எழுதியது. வெப்பம் அளக்கும் அட்டை சொல்வதைக் கணினிக்குப் புரிய வைக்கும் சின்ன நிரல். பதினாறு வருடமாக என்னைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை.

"புது சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதணும் ஐலி. நீங்க கொஞ்சம் ஓய்வா இருங்க," என்றார் மேலாளர் ரஸ்.

ஓய்வு யார் கேட்டது?

மார்ச் 5

தெரேஸ் ஒரு பெட்டி நிறைய பெர்சியன் பன் வாங்கி வந்தாள், மேலே இளஞ்சிவப்பு சர்க்கரைப் பூச்சோடு. நான் தொடவில்லை. சாயங்காலம் ஒன்று மிஞ்சியிருந்தது. காரில் உட்கார்ந்து தின்றேன்.

மார்ச் 10, திங்கள்

அவள் எழுதியதை நாள் முழுக்கப் படித்தேன். தப்பு தேடித்தான் படித்தேன், யாரிடம் மறைக்க? ஒன்றுமில்லை. நான் நானூறு வரியில் சுற்றி வளைத்ததை நூற்றிருபது வரியில் முடித்திருக்கிறாள்.

தப்பைக் கண்டுபிடித்தது அவள்தான். என் தப்பு. என் டிரைவர் எப்போதும் ஏழு டிகிரி கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சரி செய்துவிட்டுக் குறிப்பில் "பழைய பிழை திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். என் பெயர் இல்லை. பெரிய மனசு! திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

பொறாமைதான். எழுதிவிட்டேன். போதுமா?

மார்ச் 11

ஏழு டிகிரி எனக்குப் புதுச் செய்தி இல்லை.

2012-இல் ஆர்வில் போன் செய்தார். ஏரிக்கரையில் மீன்பண்ணை வைத்திருக்கிறார். டிரவுட் மீன் முட்டைத் தொட்டிகளின் தண்ணீரை என் டிரைவர் வழியாகத்தான் ஒரு கண்காணிப்பு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. "உன் டிரைவர் ஏழு டிகிரி கூட்டிச் சொல்லுது ஐலி. பரவால்ல, நான் இங்க சாஃப்ட்வேர்லயே ஏழைக் கழிக்க வெச்சுட்டேன்," என்றார். எனக்கு வெட்கம். வேறு யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் சொல்லவில்லை. அந்த மென்பொருளை விற்ற நிறுவனம் பிறகு மூடப்பட்டுவிட்டது. அதை இப்போது எப்படி மாற்றுவது என்று அவருக்கும் தெரியாது.

என் இழுப்பறையில் நீல நோட்டு இருக்கிறது. யார் யார் எந்தப் பழைய மென்பொருளை ஓட்டுகிறார்கள், எதை எதிர்பார்க்கிறார்கள், எல்லாம் அதில் உண்டு. தெரேஸிடம் இல்லாதது என்னிடம் இது ஒன்றுதான்.

அவளுடைய சரியான எண் போனால், ஆர்விலின் மென்பொருள் அதிலும் ஏழைக் கழிக்கும். பத்து டிகிரி தண்ணீரை மூன்று என்று காட்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு சட்டம்: நேற்று ஓடியது இன்றும் ஓட வேண்டும். ஓடாமல் செய்தவர், செய்தது சரியாகவே இருந்தாலும், குற்றவாளி.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 12

சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கூட்டம். ரஸ் அவளைப் புகழ்ந்து முடித்ததும் தெரேஸ் நேராக என் பக்கம் திரும்பினாள்.

"ஐலி, அந்த ஏழு டிகிரியை நம்பி வெளியில ஏதாவது பழைய புரோகிராம் ஓடுதா? உங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல," என்றேன்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவளும் எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முட்டைகளை நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். ஆர்வில் அனுபவசாலி, கவனித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

மதியம் புதுப் பதிப்பு வெளியே போனது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மார்ச் 22, சனி

காலையிலிருந்து ஆர்விலுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் பனிச்சேறு.

அவர் தொட்டியருகே முழங்கை வரை நனைந்து நின்றார். நேற்றே புதுப் பதிப்பைப் போட்டிருக்கிறார். திரை மூன்று என்று காட்டியிருக்கிறது. ஏரித் தண்ணீர் குளிர்ந்துவிட்டது என்று நினைத்துச் சூட்டைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். உண்மையில் பத்தாக இருந்தது பதினேழு ஆகிவிட்டது. நாலு தொட்டியில் இரண்டில் முட்டைகள் வெள்ளையாகச் செத்துக் கிடந்தன.

"நீங்க சரிபார்த்துட்டுப் போட்டிருக்கலாமே?" என்றேன். என் வாயா இதைக் கேட்டது?

"எதுக்கு? பதிமூணு வருஷமா நீ அனுப்பினா கண்ண மூடிட்டுப் போடுவேன்," என்றார். "ஏழைக் கழிக்கிற விஷயத்தை அந்தப் புதுப் பொண்ணுகிட்ட சொல்ல மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல ஒரே ஒரு தலையாட்டல் போதும். ஆட்டியிருக்கலாம். "மறக்கல," என்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 24, திங்கள்

ரஸ், தெரேஸ் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். 2012-ஐயும் சேர்த்து.

ரஸ் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். தெரேஸ் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நான் உங்க மூஞ்சியைப் பாத்துக் கேட்டேன் ஐலி," என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 26

இனி டிரைவரின் பழைய பெயரைச் சொல்லிக் கேட்கும் மென்பொருளுக்குப் பழையபடி ஏழு டிகிரி கூட்டிச் சொல்ல வேண்டும். புதுப் பெயரில் கேட்டால் சரியான எண். என் தப்பை அவள் தன் கையாலேயே, தன் அழகான நிரலுக்குள் திரும்ப வைத்தாள். குறிப்பை மட்டும் நான் எழுதினேன்: "பிழை ஐலி காங்கஸுடையது. 2012 முதல் அவருக்குத் தெரியும். கேட்டபோது மறைத்தார்." கடைசி வரியை எடுத்துவிடலாம் என்றார் ரஸ். வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 9

தெரேஸ் பெர்சியன் வாங்கி வந்தாள். பெட்டி என் மேசைப் பக்கம் வரவில்லை.

மே 6, செவ்வாய்

ஆர்வில் போன் செய்தார். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எடுத்தவுடன், "தெரேஸ் இருக்காளா?" என்றார். பதிமூன்று வருடம் என்னைக் கேட்டவர். அவள் மேசைக்கு மாற்றிக் கொடுத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருவரும் சிரிப்பது கேட்டது. வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

வைத்துவிட்டு அவள் வந்து என் மேசை முன் நின்றாள். ஆறு வாரத்தில் முதல் முறை.

"அடுத்த மாசம் விசிறியை ஓட்டுற டிரைவர்ல கை வைக்கிறேன். அதை நம்பி யாராவது இருக்காங்களா?"

இந்த முறை "உங்களுக்குத்தான் தெரியும்" என்று அவள் சொல்லவில்லை.

பதினோரு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் அவள் என்னிடம் வந்து நிற்கும்படி. இழுப்பறையைத் திறந்து நீல நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். "உங்க கையெழுத்து புரியலையே," என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த என் கோட்டை எடுத்தேன். உட்கார்ந்தாள்.