அழையாத வீட்டுக் கதிரை

கார்த்திகை 3, திங்கள்
விடியத் தொடங்கிய மழை. குசினியில் ஒழுக்கு. சட்டி வைத்தாயிற்று.

எழுதவே வெட்கம். நேற்றும் ஆளையே தெரியாத ஒரு செத்த வீட்டுக்குப் போனேன். மூன்றாவது. சந்தி மின்கம்பத்தில் ஒட்டுகிற மரண அறிவித்தல்தான் என் அழைப்பிதழ். கலியாண வீட்டுக்கு அழைக்காமல் போக ஏலாது. செத்த வீட்டில் ஏன் வந்தனீங்கள் என்று எவரும் கேட்பதில்லை. கதிரை, பிளேன் டீ, பக்கத்தில் ஒருவர். அவர் கந்தளாய் வயலைப் பற்றிச் சொல்வார், நான் தலையாட்டுவேன். ஒரு பின்னேரம் கழிந்துவிடும்.

பேக்கரியில் ஒரு பணிஸ் கேட்டால், "என்னண்ணை, இன்னும் தனியவோ? அக்கா எப்ப வாறா?"
"மகளின்ர பிள்ளைப்பேறுக்கெல்லோ கனடா போனவ. பிள்ளை கொஞ்சம் வளர வந்திடுவா."
அதற்குப் பிறகு நாலாக வாங்குகிறேன். மூன்று காகத்துக்கு. எங்கள் ஓர்ஸ் ஹில் காகங்கள் கொழுத்துவிட்டன.

4, செவ்வாய்
வாங்க: தேங்காய், நெருப்புப்பெட்டி, வாய்வுக் குளிசை.
வாங்கவில்லை. கம்பத்தில் புது நோட்டீஸ். ஓய்வுபெற்ற தபால் அதிபர். வெள்ளைச் சேட் நல்லவேளை காய்ந்திருந்தது.

அவருடைய தம்பி மகன் கையைப் பிடித்துக்கொண்டான். "பெரியப்பாவோட வேலை செய்தனீங்களோ?"
"ஓம்." வாய் தானாகச் சொல்லிற்று.
இழுத்துப்போய் முன்கதிரையில் இருத்திவிட்டான். எதிரே மூன்று கால் தாங்கியில் ஒரு போன். யாரோ பார்க்கிறார்கள் என்றதும் கண்ணீர் வந்துவிட்டது. சொந்தக்காரரை விட நன்றாக அழுதேன்.

5, புதன்
துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற நேரம் கனடாவிலிருந்து மனிசியின் அழைப்பு.
"இஞ்சேருங்கோ, ஆர் உங்களுக்கு அந்த மனுசன்?"
"எந்த மனுசன்?"
"செத்தவர்தான். அவற்ற மகள் இஞ்ச என்னோட கோயிலுக்கு வாறவ. செத்த வீட்டை நேரலையில பாத்திட்டு, 'உங்கட அவர் முன்கதிரையில விக்கி விக்கி அழுறார்' எண்டு போனில காட்டினவ."
"பழைய கூட்டாளி."
"பேர் சொல்லுங்கோ பாப்பம்."
நோட்டீசில் பெரிய எழுத்தில்தான் இருந்தது. ஞாபகம் வரவில்லை.
"இப்பிடி எத்தினை வீட்டுக்குப் போனனீங்கள்?"
"நாலு."
சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
"இஞ்ச பக்கத்து வீட்டு ஆளின்ர முகமே தெரியாது. உங்களுக்கு அங்க ஊரெல்லாம் சனம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றாள். குரல் ஒரு மாதிரி.
எப்ப வாறீர் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "அங்க பனியோ?" என்று வந்தது.
"ஓம், பனிதான். இவன் கொஞ்சம் வளரட்டுமப்பா, வந்திடுறன்."

6, வியாழன்
மழை விட்டிருக்கிறது. கம்பத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்தால் நடந்தேன். பெரிய வீரம்.
பேக்கரிக்காரன்: "அக்கா எப்ப வாறா?"
"பிள்ளை கொஞ்சம் வளர."
நாலு பணிஸ்.
மனிசி பேரனின் படம் அனுப்பியிருக்கிறாள். சிரிக்கிறான். முன்னால் பால்பல் இரண்டும் விழுந்துவிட்டன.