வாசலில் ஒரு செம்புத் தகடு

என் ராசாத்திக்கு,

புது வேலை பிடித்திருக்கிறதா என்று போனில் கேட்டாய். "பரவாயில்லை" என்று மழுப்பிவிட்டேன். அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் எல்லோரும் நல்லவர்கள்தான். முதலாளியே வந்து "சாப்பிட்டீகளா?" என்று கேட்கிறார். சம்பளமும் கூடுதல். பிரசவத்துக்கு நீ அம்மா வீட்டில் இருக்கும் நேரத்தில் வேறென்ன வேண்டும்?

வெடிமருந்து அறை வாசலில் செம்புத் தகடு இருக்கிறது. துணி உரசி உடம்பில் ஏறிய மின்சாரம் பொறியாகாமல் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இங்கே அதை மறைத்துத் தூக்குவாளி தொங்குகிறது. போர்மேன் என்ற முறையில் நான் சத்தம் போட்டால், மருந்து அடைக்கும் மாரித்தாய் அக்கா சிரிக்கிறார். "சீசன் நேரத்துல அதத் தொட்டுக்கிட்டு நின்னா லோடு எப்படிப் போகும், தம்பி? போகப் போகப் பழகிரும்."

பழைய கம்பெனிப் பழக்கத்தில் நம் வீட்டுத் தாழ்ப்பாளைக்கூடத் தொட்டுவிட்டுத்தான் நுழைவேன். "ஏன் மாமா, வீடு வெடிச்சிருமா?" என்று கேலி செய்வாயே!

நேற்றுச் சாயங்காலம் தாழ்ப்பாளைத் தொடாமலே வீட்டுக்குள் வந்துவிட்டேன். சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. திரும்ப வெளியே போய்த் தொட்டுவிட்டு வந்தேன். மனசு ஆறவில்லை. அக்கா சொன்னபடி எனக்கும் பழக ஆரம்பித்துவிட்டது.

இனி அங்கே போகமாட்டேன். இந்த வேலையை வாங்கித் தந்த உன் அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. நம் பிள்ளையைத் தூக்க வேண்டிய கை இது.

உன் மாமா