ஆரோக்கியமேரி அக்கா வீட்டுப் புத்தகங்கள்

செகந்திராபாத்,
ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள லலிதாவுக்கு,

பெருமாள் எழுதிக்கொள்வது. நானும் ஹம்ஸினியும் நன்றாக இருக்கிறோம். குக்கர்தான் நன்றாக இல்லை, அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். மஸ்கட்டில் வெயில் எப்படி? நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்குகிறாயா, இல்லை போனை நோண்டிக்கொண்டு கிடக்கிறாயா?

தினமும் வீடியோவில் முகம் காட்டுகிறவன் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் உன் காதுக்குப் போகும் முன் அவள் காதுக்குப் போய்விடுகிறது. அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் நான் செய்யக்கூடிய ஒரே காரியம் தமிழில் எழுதுவதுதான். நாம் தெலுங்கு எழுத்தைப் பார்த்து ஜிலேபி என்று சிரித்தோம். அவளுக்குத் தமிழ் எழுத்துதான் ஜிலேபி. உன் கூட வேலை செய்யும் ரோஸ்லின் லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறாள். ஆவக்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் என் மேல் தப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கூத்து பண்ணி வைத்திருக்கிறேன்.

நம் ரயில்வே காலனி வழக்கம் உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள், நான்தான் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளை. ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறு, வகுப்பு முடித்த பிள்ளையின் புத்தகங்கள் அடுத்த பிள்ளை வீட்டுக்குப் போகும். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதன் மேல் புத்தகக் கட்டு. வாங்குகிற வீட்டில் காபி கொடுக்க வேண்டும். பெண் கேட்டு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பலாம், புத்தகத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை.

இந்த வருடம் எதிர் குவார்ட்டர்ஸ் ஆரோக்கியமேரி அக்கா வந்தார். அவர் மகள் ஷோபா படித்து முடித்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை, ஒரு ஓரம்கூட மடங்கவில்லை. நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். காபி போட்டேன், அக்கா நல்ல மனசோடு அதைக் குடித்தார். பிறகு புத்தகங்களைச் சாமி அலமாரியில் அடுக்கி, மேலே குங்குமம் வேறு வைத்தேன். என்னவோ பெரிய காரியம் முடித்தவன் போல மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஹம்ஸினி வந்து அலமாரியைப் பார்த்தாள். இந்த ஊர் உருதுவில், கைக்கு அப்பா, ஏன் என்று மட்டும் கேட்டாள். எது ஏன் என்று நான் திருப்பிக் கேட்க, செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் பள்ளியில் பதினொன்றாவதில் கணக்கு இரண்டு வகை. ஒன்று ஜெனரல். இன்னொன்று அட்வான்ஸ்டு, அதற்குப் புத்தகமே வேறு, செங்கல் கனம் இருக்கும். எஞ்சினீயரிங், சயன்ஸ் என்று போக நினைக்கிறவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். ஷோபா படித்தது ஜெனரல். ஷோபாவுக்குக் கொடுத்த வீட்டுப் பெண் படித்ததும் ஜெனரல். ஹம்ஸினி அட்வான்ஸ்டு எடுக்கப் போவதாக என்னிடம் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சொன்னாளாம். நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ம், ம் என்றேனாம். லலிதா, ஹெல்மெட் போட்டால் நான் எல்லாவற்றுக்கும் ம் என்றுதான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

திருப்பிக் கொடுத்துவிடு என்கிறாள். எப்படிக் கொடுப்பது? நீ போனதிலிருந்து வாரத்தில் பாதி நாள் நமக்குக் குழம்பு அக்கா வீட்டிலிருந்துதான் வருகிறது. ஜெனரலும் கணக்குதானே, அதிலும் இரண்டும் இரண்டும் நாலுதானே என்று சொல்லிப் பார்த்தேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

இந்தச் சமயத்தில் பள்ளியில் மீட்டிங் வைத்தார்கள். புதிதாக வந்திருக்கிற பிரின்சிபால் வித்யாலட்சுமி மேடம் நேராகவே பேசினார். அட்வான்ஸ்டு வகுப்புக்கு இனிமேல் நுழைவுத் தேர்வு கிடையாது, படிக்க ஆசைப்படுகிற யாரும் சேரலாம், ஆனால் ரயில்வே காலனியிலிருந்து இதுவரை ஒரு பிள்ளைகூடச் சேர்ந்ததில்லையே, என்ன காரணம் என்று கேட்டார். பசங்களுக்கு இன்ட்ரெஸ்ட் இல்ல மேடம் என்றார் நம் காலனி கிரி. அவர் பையன் யோகேஷ் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவை முறைத்தான். இங்கிலீஷ் கஷ்டம் என்றார் இன்னொருவர். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று, புக்கு மேடம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. வெற்றிலைத் தட்டு, காபி, குங்குமம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியென்றால் உங்கள் பிள்ளைகள் என்ன படிப்பது என்பதை இத்தனை வருடமாகப் பக்கத்து வீடுதான் முடிவு செய்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வந்து, இந்த ஊர் வழக்கத்தில் ஹவ் மேடம் என்றேன். ஹால் முழுக்கச் சிரித்தது. சிரிக்காதது இரண்டாவது வரிசையில் ஆரோக்கியமேரி அக்கா மட்டும்தான்.

முன்வரிசையில் ஹப்சிகுடாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார், பத்ரிநாராயணன் என்று பெயர், டிஃபென்ஸ் லேபில் பெரிய அதிகாரி. அவர் மகள் சாருலதா அட்வான்ஸ்டு வகுப்பு. என் பக்கம் திரும்பி, தப்பா எடுத்துக்காதீங்கோ, எல்லாரையும் சேர்த்தா ஸ்டாண்டர்டு இறங்கிடும் என்றார். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த வேகத்திலேயே போய் ஹம்ஸினிக்குக் கையெழுத்துப் போட்டேன். என்னைப் பார்த்துக் கிரியும் இன்னும் இரண்டு பேரும் போட்டார்கள். மறுநாள் கோட்டி பஜாருக்குப் போய் நடைபாதைக் கடையில் அந்தச் செங்கல் புத்தகங்களை வாங்கி வந்தேன். ஹம்ஸினி அவற்றை மோந்து பார்த்தாள். நீ பார்க்க வேண்டிய முகம் அது.

இப்போது நிலவரம் இதுதான். அக்கா பேசுவதில்லை, குழம்பு வருவதில்லை. ஷோபாவின் புத்தகங்கள் குங்குமத்தோடு அலமாரியில் அப்படியே இருக்கின்றன. கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. குக்கர் விசில் அடிக்காமல் ஓரத்தில் எல்லாம் கக்குகிறது. வேகாத பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டு உன் மகள் கஷ்டமான கணக்குப் போடுகிறாள். நான் செய்தது சரியா என்று ஒரு வார்த்தை எழுது. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அவளை விட்டுவிடு.

உன் அன்புள்ள,
பெருமாள்


செகந்திராபாத்,
டிசம்பர் மாதம்.

அன்புள்ள லலிதாவுக்கு,

உன் பதில் அப்போதே வந்து சேர்ந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதினேன், நீ நாலு வரி எழுதியிருந்தாய். படிக்கட்டும். புத்தகத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். தட்டில் வைத்துக் கொடுங்கள். குக்கர் காஸ்கெட் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கோபமோ என்று பயந்துபோய்த்தான் இத்தனை நாள் நான் எழுதவில்லை. இந்த முறை தபாலில் அனுப்புகிறேன், எப்போது வருமோ தெரியாது.

நீ சொன்னபடி தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை, காபியும் கொடுக்கவில்லை. காலனியே ஜன்னல் வழியாகப் பார்த்தது.

போனில் நான் உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. முதல் டெஸ்டில் ஹம்ஸினி ஐம்பதுக்கு ஏழு. காலனியிலிருந்து போன நாலு பேரும் அதே கதிதான். யோகேஷ் ஒன்பது வாங்கி நாலு பேரில் முதலாவதாக வந்தான். கணக்கு வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்தால் ஜெனரலுக்கு மாற்றிவிடலாம், குழந்தையைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் அன்றைக்கே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உன் மகள் பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்து அழுதாள், சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். அது தண்ணீர் வராத நேரம். எனக்கு எல்லாம் கேட்டது. லலிதா, அன்று நீ பக்கத்தில் இல்லையே என்று எனக்கும் அழுகை வந்தது. வெளியே வந்ததும், ஜெனரலுக்குப் போய்விடலாம்மா, இதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை என்றேன். நக்கோ அப்பா, ஃபெயிலானா நான்தானே ஆகறேன், புக்கை மட்டும் மாத்தாத என்றாள். மூன்று பாஷை பேசுகிறவள் அதை மட்டும் தமிழில் சொன்னாள். வேண்டாம் என்பதற்கு அந்த நக்கோ வந்ததை மட்டும் பெரிதுபடுத்தாதே.

பையில் இருந்த தாளோடு பிரின்சிபால் மேடத்தைப் பார்க்கப் போனேன். மாற்ற வேண்டாம், ஆனால் பிள்ளை தனியாகத் தத்தளிக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டேன். வாங்க என்று கூப்பிட்டுவிட்டு உட்கார நாற்காலி போடாதது எங்கள் தப்புதான் என்று மேடம் ஒப்புக்கொண்டார். பழைய பிள்ளைகளையும் புதுப் பிள்ளைகளையும் கலந்து குழு பிரித்தார். சாயங்காலம் சேர்ந்து படிக்க வேண்டும், வாத்தியாரும் கூட இருப்பார். பள்ளியை வாட்ச்மேன் ஐந்து மணிக்கே பூட்டிவிடுவான் என்பதால் நம் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலைக் கேட்டு வாங்கினோம். கேரம் ஆடுகிறவர்கள் வராந்தாவுக்குத் துரத்தப்பட்டார்கள். அதற்காக என் மேல் அவர்களுக்கு இன்னமும் கோபம்.

ஹம்ஸினியின் குழுவில் யார் தெரியுமா? சாருலதா. அவளைக் கொண்டுவந்து விட பத்ரிநாராயணன் ஹப்சிகுடாவிலிருந்து காரில் வருவார். முதல் வாரம் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் கொஞ்சம் இறக்கினார், கொசு புகுந்தது. வேறு வழியில்லாமல் வராந்தாவுக்கு வந்தார். நின்றுகொண்டு கேரமை வேடிக்கை பார்த்தார். பிறகு, அந்த ரெட் காயை இப்படி அடிக்கப்படாதோ என்று யோசனை சொன்னார். நம் ஆட்கள் ஸ்டிரைக்கரை அவர் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான், மனிதர் தீர்ந்தார். இப்போது சொந்தமாகப் பவுடர் டப்பா கொண்டுவருகிறார். போன ஞாயிறு சாருவுக்கு வகுப்பே கிடையாது, இவர் மட்டும் வந்துவிட்டார். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் ஆட்டத்துக்கு நடுவில், தலையைத் தூக்காமலே, உம்ம பொண்ணு ஏன் ஏன்னு கேட்டுக் குடையறாளாம், பதில் சொல்லப் போய்த்தான் தனக்கே அது புரியலைன்னு எங்க சாருவுக்குத் தெரிஞ்சுதாம் என்றார். ஸ்டாண்டர்டு இறங்கிவிட்டதா சார் என்று கேட்டேன். ஆட்டத்தைப் பாரும் என்றார். நான் தோற்றேன், ஆனால் அன்று நன்றாகத் தூங்கினேன்.

அரையாண்டுப் பரீட்சையில் ஹம்ஸினி ஐம்பதுக்கு இருபத்தொன்பது. யோகேஷ் அவளைவிட ஒரு மார்க் கம்மி, அதற்காகத் தினமும் அவளிடம் பேச்சு வாங்குகிறான். நாலு பேரில் ஒரு பெண் இன்னும் தேறவில்லை, ஆனால் அவளும் போவதாக இல்லை. இந்த மார்க்கைப் பெரிய மார்க் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டேன். சென்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஆரோக்கியமேரி அக்கா குழம்புக் கிண்ணத்தோடு வந்து நின்றார். கருவாட்டுக் குழம்பு. நான் பேச வாயெடுக்கும் முன் நேராக மேஜைக்குப் போய் அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். அவருடைய சின்ன மகள் இப்போது பத்தாவது. இந்தக் கொழுத்த புக்கெல்லாம் ரிசல்ட் வந்ததும் எங்க வீட்டுக்குத்தான் வரணும், வேற யாருக்கும் வாக்கு குடுத்துடாத, சொல்லிட்டேன் என்றார். அட்டை போடாமல் வைத்திருப்பதற்குத் திட்டினார். நான் காபி போட்டேன். இந்த முறை, கன்றாவியாக இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டே குடித்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். லலிதாவுக்கு எங்க பெரியக்கா புக்குதான் போச்சு, அது வேற புக்கு வேணும்னு கேட்டு அழுதுச்சு, எங்க வீட்டுலயும் காதுல வாங்கல, உங்க மாமனார் வீட்டுலயும் காதுல வாங்கல என்றார். சொல்லிவிட்டு வெறும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உன் நாலு வரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கோபம் என்று நினைத்தேனே, எனக்கு அறிவே இல்லை.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உன்னை இதைக் கேட்டதே இல்லை. என்னிடம் நீயும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து எப்போதாவது சொல்லியிருப்பாய், நான் ம் என்றிருப்பேன். இப்போது ஹெல்மெட் இல்லாமல் கேட்கிறேன். நீ அழுது கேட்டது என்ன புத்தகம், லலிதா? போனில் வேண்டாம், தமிழில் எழுது. அடுத்த ஞாயிறு கோட்டிக்குப் போகிறேன், தேடிப் பார்க்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு பேரும் உனக்காகக் காத்திருக்கிறோம்.

உன் அன்புள்ள,
பெருமாள்