சம்பளம் என்று எழுதாமல் விட்ட இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் அண்ணனும் குறையில்லாமல் இருக்கிறோம்; அங்கு நீ நலம் என்பதை இனி உன் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து நம்புவதாக இல்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, போட்டவுடன் அவள் முதலில் பார்த்தது என் சட்டைக் காலரைத்தான், இத்தனை நாளும் இதோடதான் ஆபீசுக்குப் போனீங்களா என்று கேட்டாள். சமையலறைக் குழாயை நானே சரிசெய்கிறேன் என்று உன் அண்ணன் இறங்கியதன் பலனாக நான்கு நாட்களாகக் குளியலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறோம். இருபதாம் தேதிக்குள் கையெழுத்திட்டுக் கிளப்பில் கொடுக்கவேண்டும், அதற்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று நீ அனுப்பிய ஒப்பந்தம் செவ்வாயன்று கிடைத்தது.

மூன்று முறை படித்தேன். இரண்டாம் பிரிவில், உனக்குத் தரப்படும் தொகைக்கு மதிப்பூதியம் என்று பெயர். ஏழாம் பிரிவில், ஆட்டத்தில் இறங்காத வாரங்களுக்கு அந்த மதிப்பூதியம் கிடையாது. சென்ற பருவத்தில் தோள்பட்டை விலகி ஆறு வாரம் நீ ஆடவில்லை. நல்ல ரெஸ்ட்டுப்பா, தூங்கித் தூங்கி முகமே வீங்கிப்போச்சு என்று தொலைபேசியில் சிரித்தாய். ஏழாம் பிரிவைப் படித்தபின் உன் அறைத்தோழியை அழைத்தேன். ஒரு கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மாலைதோறும் ஏதோ ஒரு பள்ளியில் சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுத்து வாடகை கட்டினாய் என்று சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, வக்கீலைப்போல் குடைந்து கேட்டேன்.

உன்னோடு பள்ளியில் படித்த நெட்டையன், உங்கள் கிளப்பின் ஆண்கள் அணியில் மூன்றாவது கோல்கீப்பர், விடுமுறைக்கு வந்திருக்கிறான். கேட்டவுடன் தன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். அதில் சம்பளம் என்றே இருக்கிறது, உன் தொகையைப்போல் ஒன்பது மடங்கு, காயம்பட்டுப் படுத்தாலும் நிற்காது. எத்தனை ஆட்டம் ஆடினாய் என்று கேட்டேன். “ஒண்ணுகூட இல்ல அங்கிள். உக்காந்து உக்காந்து பெஞ்சுக்குத்தான் காயம்” என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அவ பத்தொன்பது மேட்ச் ஆடினா. எனக்கே வெக்கமா இருக்கு. இந்தப் பேப்பரை நீங்க யார்கிட்ட வேணா காட்டுங்க” என்றான். உன் அம்மா அவன் போகும்வரை பொறுத்திருந்து, “அவன் உக்காந்ததுக்குக் குடுக்கறாங்க, இவ விழுந்து எழுந்ததுக்குக் குடுக்கமாட்டாங்களா?” என்று கேட்டாள். ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வருகிறது என்று பதில் சொல்வார்கள். உங்கள் ஆட்டத்தை வேலைநாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களோடு அதைப்பற்றி எவ்வளவு நேரமும் வாதிடலாம். ஆனால் கூட்டம் குறைந்தால் சம்பளம் குறையலாமே தவிர, செய்த வேலை வேலையில்லை என்று ஆகிவிடாது. மதிப்பூதியம் என்ற சொல் அதைத்தான் செய்கிறது.

அந்தச் சொல்லை எழுதியவன் நான். கால்பந்துச் சங்க அலுவலகத்தில் ஒப்பந்தங்கள் வரைவது என் வேலை என்று உனக்குத் தெரியும். எல்லாக் கிளப்புகளும் பெண்களுக்குத் தரும் மாதிரி ஒப்பந்தம் என் மேசையிலிருந்து போனது என்பதை உனக்கு நான் சொன்னதில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பெண்கள் லீக் தொடங்கியபோது, சம்பளம் என்று எழுதினால் நிர்வாகக் குழு வாக்கெடுப்புக்குப் போகவேண்டும், அங்கே தோற்றுவிடும். மதிப்பூதியம் என்றால் செயலாளரின் கையெழுத்தே போதும். அந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்துச் சொன்னதற்காகச் செயலாளர் என் முதுகில் தட்டினார், நான் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருடத்தில் மாற்றிவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். அதன்பின் ஒவ்வோராண்டும் அதே தாளில் ஆண்டை மட்டும் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். உன் முதல் ஒப்பந்தத்தில் நீ என்னிடம் காட்டாமலே கையெழுத்திட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி ஏற்பட்டது, அதையும் மறைக்கப்போவதில்லை.

புதன்கிழமை சங்கச் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து, இந்தப் பருவத்திலாவது சொல்லை மாற்றவேண்டும் என்றேன். “சார், உங்க வார்த்தையைத்தானே இத்தனை வருஷமா காப்பாத்திட்டு வர்றோம்” என்றார். பெண்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட மறுத்தால் அணியையே கலைப்பதைத் தவிர கிளப்புக்கு வேறு வழியிருக்காது என்றும் சொன்னார். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு, “உங்க பொண்ணுக்கு மட்டும் தனியா ஒரு லெட்டர் போட்டு, அடிபட்டாலும் பணம் வர்ற மாதிரி பண்ணிடறேன் சார். வெளியில தெரியவேண்டாம்” என்றார். தேவையில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். என் குரல் உயரவில்லை. எனக்குக் கோபம் முற்றினால் குரல் தணிந்துபோகும் என்பது உனக்குத் தெரியாததல்ல. நேராக அம்மாவிடம் போய் இதைச் சொன்னேன், மெச்சிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள். “அவ சம்பளத்தை வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு? அன்னிக்கும் யாரையும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல” என்றாள். அன்று அந்தச் சொல்லை முடிவு செய்த அறையில் ஏழு ஆண்கள் இருந்தோம், விளையாடப்போகிற ஒருத்தியைக்கூட நாங்கள் அழைக்கவில்லை. அதையேதான் நான் மறுபடியும் செய்திருக்கிறேன், நல்லெண்ணத்தோடு; அன்றும் நல்லெண்ணத்தோடுதான் செய்தேன்.

ஆகவே மறுநாள் காலை மீண்டும் அழைத்து, மறுத்தது நான், பதில் சொல்லவேண்டியவள் என் மகள் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தனிக் கடிதம் உன் முடிவுக்காகக் காத்திருக்கிறது. நீ அதை ஏற்றுக்கொண்டால் உன்னை ஒரு மாற்றுக்கூடக் குறைவாக எண்ணமாட்டேன், உன் அம்மாவும் எண்ணமாட்டாள். ஏற்காவிட்டால் இத்துடன் வைத்திருக்கும் மூன்று பக்கங்கள் உதவலாம். அந்தச் சொல் எதைத் தவிர்ப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, அறையில் யார் யார் இருந்தார்கள், நான் என்ன யோசனை சொன்னேன் என்பதை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். நெட்டையனின் ஒப்பந்த நகலும் இருக்கிறது. இன்று காலை என் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். அது என் வேலை, அதை விடுவதற்கு உன்னைக் கேட்கவேண்டியதில்லை. அம்மாவின் பள்ளிச் சம்பளம் எங்களுக்குப் போதும். இந்தத் தாள்களை உன் கேப்டனிடம் கொடுப்பதா, எல்லோரையும் கூட்டிவைத்துப் படிப்பதா, கிழித்துப்போடுவதா என்பதை ஆடுகிறவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். என் யோசனை வேண்டாம். முடிவு செய்தபின் ஒரு வரி எழுதினால் போதும்.

உன் உடம்பும் உன் துணிவும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே: எந்தத் தாளில் கையெழுத்திடுவதாக இருந்தாலும் ஒவ்வொரு பிரிவையும் நீயே படி. எழுதியவன் உன் அப்பனாக இருந்தாலும் படி.

இப்படிக்கு,
உன் மன்னிப்பைக் கேட்கும்
அப்பா