பிரதிக்கு ஒரு ரசீது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கொடியில் ஒன்றும் நிற்கவில்லை.

முதலில் ஒன்று. நான் திருட்டு சிடி போடச் சொல்லிக் கடையில் சண்டை பிடித்ததாகப் பக்கத்து வீட்டுப் புஷ்பம் தெரு முழுக்கச் சொல்லி வருகிறாள். திருட்டும் இல்லை, சண்டையும் இல்லை. என் கணவருடைய ஆங்கிலப் பாட டிவிடியைக் காஜா மைதீனின் கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப் போனேன். ஒரு பிரதி எடுத்து, ரசீதும் போட்டுத் தரச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. குடையைக் கவுண்டரில் சாய்த்து வைத்தேன். அது விழுந்த சத்தம்தான் வெளியே கேட்டிருக்கும்.

காஜா எதையெதையோ செய்து பார்த்தார். பிரதியாகவில்லை.

“உள்ள பூட்டுப் போட்டுருக்காகம்மா. நம்மூருப் பூட்டுன்னா சாவி தொலைஞ்சாலும் மாத்துச் சாவி அடிச்சுக் குடுத்துருவாக. இதுக்கு மாத்துச் சாவி வச்சிருந்தாலே கேஸு.”

பேத்தியின் பாட்டு டிவிடி கீறிப்போய்க் கொண்டுவந்திருந்த ஒருவர்: “காசு குடுத்து வாங்குனது நாம. பூட்டு மட்டும் அவுககிட்டயா? இது என்னய்யா நாயம்?”

“நாயத்த என்கிட்டக் கேக்காதீக அண்ணே. சினிமா சிடி காலத்துல நம்ம கடை மெசினு அம்புட்டையும் போலீசு அள்ளிட்டுப் போனாக. இன்னும் வரல.”

பிறகு என்னிடம் மெதுவாக: “நீங்க வச்சுட்டுப் போங்கம்மா. பூட்ட ஒடைச்சு எடுத்துத் தாரேன். ஆருகிட்டயும் சொல்லிக்கிற வேணாம்.”

“ரசீது?”

“அதுக்கு எப்படிம்மா ரசீது போட?”

ரசீது போட முடியாத வேலை எனக்கு வேண்டாம். டிவிடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாங்க: பிரஷர் மாத்திரை, ரவை, கொடிக்குக் கிளிப்.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர் வரும் நாள். வரவில்லை.

டிவிடி பற்றி எழுதி வைக்கிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லாமல் இருக்க. மதுரைக் கம்பெனி ஒன்று வெளியிட்டது. ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களுக்கு. குரல் அவருடையது. முகம் வராது, திரையில் எழுத்து மட்டும். ஒரு வாக்கியம் சொல்வார். நாம் பதில் சொல்ல இடைவெளி விடுவார். ஒரே தொகை வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார், அவருக்கு அது பெரிய கௌரவம்.

வேறு எங்கும் அவர் குரல் இல்லை. கல்யாணத்துக்குப் புகைப்படம் மட்டும். போனில் யாரும் பதிவு செய்யவில்லை. கூடவே இருக்கிற ஆளை எதற்குப் பதிவு செய்வது.

தினமும் காபிக்குப் பிறகு ஒரு பாடம். ‘வாட் வில் யூ ஹேவ்?’ என்பார். இடைவெளியில் நான், ‘காபி, பிளீஸ்.’ திரையில் வரும் பதில் டீ. நான் டீ குடிப்பதில்லை.

வட்டின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். வட்டு உள்ளிருந்து வெளியே ஓடுமாம், ஓரம்தான் முதலில் கெடும் என்றார் காஜா. அதனால் பாடங்கள் பின்னாலிருந்து போகின்றன. தொலைபேசிப் பாடம் போன மாதமே போயிற்று. ரயில் நிலையம் இப்போது சிக்கிச் சிக்கி.

ஜூலை 13, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். முன் வரிசையில் ஒருவர் தூங்கினார்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் ரீட்டா போன்.

“டிவி முன்னால போன வச்சு ரெக்கார்டு பண்ணும்மா. எதுக்கு இவ்வளவு பெரிசு பண்ற?”

“அட்டையில எந்த வடிவத்துலயும் பிரதி எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

“அது யாவாரம் பண்றவனுக்கும்மா. நீ அவர் பொண்டாட்டி.”

“அதனாலதான் கேட்டு வாங்கணும்.”

“அப்பா இருந்தா சிரிப்பாரு.”

சிரித்திருப்பார். அதனால் ரீட்டா சொல்வது சரி என்று ஆகிவிடாது.

அனுமதி கேட்டு மதுரைக் கம்பெனிக்குச் செவ்வாயன்றே எழுதிய கடிதம் நேற்றே திரும்பி வந்துவிட்டது. அந்த விலாசத்தில் யாரும் இல்லை. ரீட்டா விசாரித்ததில், பாடங்களையெல்லாம் சென்னையில் ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. நம்பர் கொடுத்தாள்.

ஜூலை 14, திங்கள்

சென்னைக்குப் பேசினேன். நெடுநேரம் சங்கீதம். பிறகு ஒரு பெண்.

“அந்தக் கோர்ஸ் நிறுத்தியாச்சு மேடம். இப்ப ஆப் மட்டும்தான்.”

ஆப்பில் யார் குரல் என்றேன்.

“கம்ப்யூட்டர் வாய்ஸ் மேடம். ரொம்பக் கிளியரா இருக்கும்.”

டிவிடி ஒன்று விலைக்கு? இல்லை. அப்படியானால் என்னிடம் இருப்பதைப் பிரதி எடுக்க அனுமதி?

“அதெல்லாம் நாங்க குடுக்க முடியாது மேடம். மேனேஜ்மென்ட்தான்.”

மேனேஜ்மென்டோடு பேச வேண்டும்.

“மெயில் பண்ணுங்க மேடம்.”

ரீட்டா மெயில் அனுப்பினாள். உடனே பதில்: உங்கள் கருத்துக்கு நன்றி. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை.

விற்கவும் மாட்டார்கள், எடுக்கவும் விடமாட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அது கெட்டுப்போகிற வரைக்கும்.

புஷ்பம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: “என்னக்கா, கேஸு செயிச்சாச்சா?”

“கேஸ் இல்லை.”

“பெறகு எதுக்கு இம்புட்டு அலைச்சல்? நாங்கெல்லாம் புதுப்படமே போன்லதான் பாக்குறோம். ஆரு வந்து கேக்குறா?”

யாரும் கேட்பதில்லை. அது உண்மை. கறிவேப்பிலை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று கூடுதல். வேப்பங்கிளை ஒன்று ஒயரில்.

ரயில் நிலையம் போய்விட்டது. மருத்துவர் பாடம் பாதி. ‘வேர் இஸ் த பெயின்?’ பதில் சொன்னேன். அடுத்த கேள்வி வரவில்லை.

மாலை காஜா வாசலில் வண்டியை நிறுத்தினார். “அம்மா, ரசீதுல கிளீனிங்னு போட்டுத் தாரேன். சம்மதமா? செத்த நேரத்துல முடிச்சுருவேன்.”

செய்யாத வேலைக்கு ரசீதா. மறுத்தேன்.

“உங்கள மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்லம்மா.” பாராட்டினாரா, தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இரவு உப்புமா. பாதி மீதி.

ஜூலை 19, சனி

இன்று விட்டுக்கொடுத்தேன். ரீட்டா சொன்னபடி ஸ்டூலில் போனை வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். புஷ்பத்துக்குக் கேட்கும் என்பதால் அல்ல, காற்று.

டிவிடி நெடுநேரம் உள்ளே சுற்றியது. பிறகு அவர். ஆரம்பத்தில் கம்பெனி அவரை வாசிக்க வைத்திருந்த அறிவிப்பு. எப்போதும் அதைத் தாண்டிவிடுவேன், அதில் இருப்பது அவர் வார்த்தைகள் இல்லை.

‘இந்த வட்டு வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. அனுமதியின்றிப் பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம்.’

அத்தோடு நின்றது. மறுபடி போட்டேன். அதே. மெல்லிய துணியால் துடைத்துப் போட்டேன். அதே. ஒரு பாடமும் இல்லை.

போனில் பதிவாகியிருக்கிறது. அது மட்டும்.

காஜாவிடம் எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ரெண்டு தகடும் பிரிஞ்சு போச்சும்மா. இனி ஒண்ணும் வராது. ரசீதுன்னு நிக்காம அன்னிக்கே குடுத்துருந்தீகன்னா...” நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். கால் வலி இல்லை.

நாளை பதிவுத் தபாலில் சென்னைக்கு:

ஐயா,
தாங்கள் வாங்கியுள்ள ஆங்கிலப் பாடங்களில் பேசியிருப்பவர் என் கணவர், காலமாகிவிட்டார். நான் விலை கொடுத்து வாங்கிய வட்டு கெட்டுவிட்டது. ஆகவே பிரதி எடுக்க அனுமதி கேட்ட என் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மூல ஒலிப்பதிவு தங்களிடம் இருக்கிறதா, அழித்துவிட்டீர்களா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். இருக்கிறது அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் அனுப்பவும்.