விசாரணைக் கோப்பில் சாட்சியாகிவிட்ட என் கதை

அனுப்புநர்
அச்சகப் பிழைதிருத்துநர்,
(பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முன்னாள் கேடட் மாணவியின் அண்ணன்)

பெறுநர்
கட்டளை அதிகாரி அவர்கள்,
மாணவர் படைத் தலைமை அலுவலகம்.

பொருள்: தங்கையின் செவித்திறன் இழப்பு – நான் எழுதிய கதை சாட்சியமாகச் சேர்க்கப்பட்டது – அதை நீக்கி மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு முகாமில் இருபத்திரண்டு மாணவிகள் காதில் எதுவும் இல்லாமல் துப்பாக்கி சுட்டார்கள். காதடைப்பான்கள் இருந்தன, மேலதிகாரி பார்வையிட வரும் நாளுக்காகப் பீரோவில் பூட்டியிருந்தார்கள். என் தங்கை நன்றாகச் சுடுவாள் என்பதால், படுத்தபடி சுடும் மற்றவர்களுக்கு உதவ எல்லாச் சுற்றுக்கும் அவர்கள் பக்கத்திலேயே படுக்க வைக்கப்பட்டாள். மாலையில் அவளுக்கு விசில் கேட்கவில்லை. ஆணையை மதிக்கவில்லை என்று மைதானத்தை ஆறு முறை சுற்றி ஓடவிட்டார்கள்.

2. பிறகு மாணவர் படையின் ஆண்டு மலரை அச்சுக்குக் கொடுக்க, முகாமை நடத்திய பயிற்சியாளர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். "தம்பி, கதையெல்லாம் எழுதுவியாமே? நம்ம பொண்ணு மாதிரி ஒரு கேடட்ட வெச்சு, படிக்கிறவனுக்கு ரோஷம் வர்ற மாதிரி எழுதிக் குடு. அழுமூஞ்சிக் கதை வேணாம்" என்றார். "அந்த ஆளப் பகைச்சுக்காதடா, அவ சர்டிபிகேட்டு அவர் கையில இருக்கு" என்றார் அம்மா. எழுதினேன். கதையில் வரும் பெண், கட்டளை தெளிவாகக் கேட்க வேண்டும் என்று காதிலிருந்த பஞ்சைத் தானே பிடுங்கி எறிகிறாள். சுடுதளத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே பஞ்சும் இல்லை. காட்சி எடுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்த பொய் அது.

3. அவள் காது கேட்காமல் போனது பற்றித் தங்கள் அலுவலகம் நடத்திய விசாரணையின் அறிக்கையில் மூன்றாம் இணைப்பு அந்தக் கதைதான். "மாணவி தாமே காதுப் பாதுகாப்பை அகற்றியது குடும்பத்தார் எழுத்தின் மூலம் தெரிகிறது" என்று முடித்திருக்கிறார்கள். அவள் சான்றிதழில் 'ஒழுங்குமீறல்' என்று எழுதப்பட்டது. அதைப் பார்த்து ஆய்வகப் பயிற்சிக் கல்லூரி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது.

4. விசாரணையில் அவளை நீளமான மேசையின் கடைசியில் உட்கார வைத்து, மறுமுனையிலிருந்து கேள்வி கேட்டார்கள். அவள் தலையாட்டினாள். "ஒப்புக்கொண்டார்" என்று பதிவாகியிருக்கிறது. ஐயா, அவள் இப்போது எதற்கும் தலையாட்டுகிறாள். "சாப்ட்டியாடி?" என்று அம்மா கேட்டால், சாப்பிடாத நாளிலும் ஆட்டுகிறாள்.

5. இதற்கு முன் அனுப்பிய இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. கதைக்கு மட்டும் தங்கள் அலுவலகத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

காது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைத் தங்களிடம் கேட்கவில்லை. கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து அவளை மறுபடி விசாரியுங்கள். பொய் எழுதியதற்கு என்மீது நடவடிக்கை எடுங்கள், மறுக்க மாட்டேன். அவள் சான்றிதழில் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். கல்லூரிச் சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் நான் எழுதியதில் உண்மையானது ஒன்றாவது அந்தக் கோப்பில் இருக்கட்டும்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
மாணவியின் அண்ணன்